கடலுக்குப் போன ஜட்டி எலாஸ்டிக்

இந்த ஆர்டர்ல மட்டும் சம்சாரத்தோட பேச்சைக் கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணினேன். சத்தியமாப் பண்ணினேனுங்க.

அருள்புரத்துல நம்ம ஜட்டி, பனியன் தைக்கற கம்பெனி. நாலு மாசமா ஆர்டர் இல்லை. பன்னெண்டு டெய்லருங்க டீ குடிச்சே களைச்சுப் போயிட்டாங்க. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அப்பத்தான் தூத்துக்குடிக்கார ஏஜென்ட் சகாயராஜ் வந்தார்.

கயாக்னு ஒரு ஒல்லிப் படகு. ஒத்தை ஆள் உக்காந்து துடுப்புப் போடறது. கவுந்துறாம இருக்க ரெண்டு பக்கமும் காத்துப் பை கட்டுவாங்களாம். பைக்கு உறையும், படகோட சேத்துக் கட்டற பட்டையும் நாம தைக்கோணும். மணப்பாடு கடல்ல போட்டுப் பாத்து, அலைக்கு நின்னாத்தான் ஆர்டர்.

"பட்டைக்கு என்னங்க போடறீங்க?"ன்னா சம்சாரம் சுபஸ்ரீ.

"ஜட்டி எலாஸ்டிக். ஊரு இடுப்பையே புடிச்சு நிறுத்தறது, ஒரு படகைப் புடிக்காதா?"

"அலை இழுத்தா எலாஸ்டிக்கும் கூடவே போயிருமுங்க. ஸ்கூல் பேக்குக்குப் போடற நாடா போடோணும்."

"நம்ம தோட்டத்துக் கெணத்துல போட்டுப் பாத்தாச்சு. அசையவே இல்லை!"

"கெணத்துல ஏதுங்க அலை?"

இப்படித்தான் எடக்கு மடக்கா கேப்பா.

"செரிங்க, ஒரு பக்கம் மட்டும் நான் தைக்கட்டுங்களா?"

பாவம், ஆசைப்படறாளேன்னு வலது பக்கத்தை விட்டுக் கொடுத்தேன்.

மணப்பாட்டுல படகோட்ட ஆள் தயாரா நின்னான். "எம்பட சரக்கு, நானே உக்காருவேன்"னு ஏறிட்டேன். நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைச் சுபஸ்ரீ மாட்டிவிட்டா.

முதல் அலையில எலாஸ்டிக் நீண்டு, இடது பை ஒரு முழம் தள்ளிப் போச்சு. ரெண்டாவதுல ரெண்டு முழம். மூணாவது அலையில அறுத்துக்கிட்டு இலங்கைப் பக்கம் கெளம்பிருச்சு. படகு கவுந்துருச்சு. "ஐயோ சாமி!"ன்னு வலது பையைக் கட்டிப் புடிச்சவன், கரையிலதான் விட்டேன்.

"அண்ணாச்சி! வலது பக்கம் என்னமா நிக்கி! இதைத் தைச்சது யாரு?"ன்னார் சகாயராஜ்.

மூக்குல உப்புத் தண்ணி ஒழுகுது. வாய் சும்மா இருந்துச்சா?

"நான்தான்."

சுபஸ்ரீ என்னைப் பாத்தா. போச்சுடா, மானம் கப்பலேறுதுன்னு நினைச்சேன்.

"ஆமாங்கண்ணா, அவருதான். போனது நான் தைச்சதுங்க"ன்னா.

எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. தங்கமான மனசு!

"அப்ப ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இன்னும் பன்னெண்டு சைஸ் இருக்கே. ஒவ்வொண்ணையும் கடல்ல யாரு போட்டுப் பாக்கது?"

"தைச்சவருதானுங்க உக்காரோணும். அவருக்குத்தான் அதோட நெளிவு சுளிவெல்லாம் தெரியும்"னா என் தங்கம்.

இப்பக் கம்பெனி ஜோரா ஓடுது. பன்னெண்டு டெய்லருக்கும் ஓவர்டைம். என் சீட்டுல சுபஸ்ரீ. நான் மணப்பாட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். அஞ்சு சைஸ் முடிஞ்சுது. இப்பத்தான் போன் பண்ணினா.

"ஏனுங்க, நாளைக்கு அலை ஜாஸ்தியாமுங்க. கம்மியாச் சாப்பிட்டுட்டு உக்காருங்க."