மாமியின் கூந்தலும் மூன்று கட்டிச் சோப்பும்

சோப்புக் காய்ச்சி விற்பவர்களைப் பற்றி வெளியே தெரியாத ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாங்கள் எங்கள் சோப்பைப் போட்டுக் குளிப்பதில்லை. மற்றவர்கள் சண்டைக்கு வந்தால், நான் மட்டும்தான் போடுவதில்லை என்று திருத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டியும் விற்பனைக்குரியது, வீணாக்கக் கூடாது என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். (உண்மையான காரணம், கடை ஷாம்புவின் வாசம் எனக்குப் பிடிக்கும்.) கல்யாணம் முடித்து மாமியார் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதமும் ஷாம்பு பைக்கற்றை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பில் ஒளித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போனேன்.

நான் மட்டக்களப்பு டவுனில் பிறந்து வளர்ந்தவன். இருந்த வேலை போனதும் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துச் சோப்புக் காய்ச்சப் பழகினேன். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய், அவற்றோடு செவ்வரத்தை இலை, கறிவேப்பிலை, வெந்தயம் என்று ஏழு மூலிகைகள். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டி, ஐஸ்கிரீம் பெட்டிகளில் வார்த்து, துண்டு போட்டு, ஆறு வாரம் காயவைப்பேன். ‘வாவிமகள் மூலிகைக் கூந்தல் சோப்பு’ என்று பெயர். லேபிளில் நீளமான முடியுள்ள ஒரு பெண் திரும்பி நிற்பாள். (முகம் வரைய எனக்கு வராது.) அம்மா வீட்டுக் குழாயடியில் அந்தச் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கும். வாங்கியவர்கள் எல்லோரும் டவுன்காரர்கள், எல்லோர் வீட்டிலும் குழாய்த் தண்ணீர். ஒருவரும் குறை சொல்லவில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் இரண்டு சூட்கேசும் நான்கு பெட்டி சோப்புமாகச் செட்டிபாளையத்தில் வந்து இறங்கினேன். வீடு வாவிப் பக்கம். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் அதற்கு மனம் வந்தால். குளிப்பது கிணற்றில். கிணற்றுத் தண்ணீர் நல்ல சவர். வாயில் பட்டால் கரிக்கும்.

மனைவி ரஜனி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மாமா அதிகம் பேசாதவர். மாமி அளவாகப் பேசுவார். என்னை மரியாதையோடுதான் நடத்தினார், ஆனால் என் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால், “மருமகன் கம்பனி ஒண்டு நடத்துறார்” என்பார். என்ன கம்பனி என்று கேட்டால், “கெமிக்கல் சம்பந்தமான” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சோப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. எப்படியாவது ஒருநாள் அவரை நாலு பேர் முன்னால் ‘இது என்ட மருமகன்ட சோப்பு’ என்று சொல்லவைத்துவிட வேண்டும் என்பது அப்போது என் ஒரே இலட்சியமாக இருந்தது.

மாமியின் கூந்தலை இங்கே சொல்லியாக வேண்டும். ஐம்பத்தைந்து வயதிலும் முழங்காலைத் தொடும். கோயிலில் அவர் முன்னால் போனால் பின்னால் வருகிற பெண்கள் சாமியைப் பார்க்கமாட்டார்கள். அந்த முடியை நான் லேபிள் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதுதான் வினையாகிப்போனது.

ரஜனியின் தங்கை கோகிலாவுக்குக் கல்குடாவில் ஒரு பையனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, கோகிலாவும் அந்தப் பையனும் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, தரகர் கொண்டுவந்த சம்பந்தம்போல வீட்டுக்குள் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை கேட்டுப் பெண் வீட்டார் போகிற நாளும் குறித்தாயிற்று. பையனின் தாய் லேசுப்பட்டவர் இல்லை, முன்பு வந்த இரண்டு கூட்டத்தைத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியவர் என்று கேள்வி.

“அத்தான், அம்மா நல்ல முகத்தோட அங்க போய் இருந்தாப் போதும். மத்ததெல்லாம் சரிவரும்” என்று கோகிலா முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குள் வேன் புறப்பட வேண்டும். மாமி எப்போதும் புளிப்புத் தேசிக்காயும் வெந்தயமும் அவித்தரைத்த அரப்பு வைத்துத்தான் தலைமுழுகுவார். பலகார வேலையில் அன்று அரப்பு அவிக்க மறந்துபோயிற்று. கடை ஷாம்பு அவருக்கு ஆகாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எப்போது கிடைக்கப்போகிறது?

“மாமி, அரப்பெல்லாம் எதுக்கு? நம்மட சோப்பு இரிக்குதானே.”

மாமி யோசித்தார். “அது என்ட முடிக்குச் சரிவருமா மருமகன்?”

“பதினொரு மூலிகை போட்டது மாமி.” (ஏழுதான். பதற்றத்தில் நான்கு கூடிவிட்டது.)

ரஜனி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “இஞ்சாருங்க, நம்மட கிணத்துத் தண்ணிக்கு அந்தச் சோப்பு…”

“ரஜனி, நீங்க வகுப்பில படிப்பியுங்க. சோப்ப என்னட்ட விடுங்க” என்றேன். அதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பலகாரச் சட்டிக்குத் திரும்பினாள்.

கால் மணி நேரத்தில் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. “மருமகன், இது நுரைக்குதில்ல.”

“மூலிகைச் சோப்பு மெதுவாத்தான் நுரைக்கும் மாமி. இன்னும் கொஞ்சம் தேயுங்க.”

“மறுகாவும் நுரைக்குதில்ல.”

“முடி கூடவெல்லோ, அதுதான். இன்னொரு கட்டி தாறன்.” கிணற்றடி வேலிக்கு மேலால் ஒரு கட்டி கொடுத்தேன். பிறகு இன்னொன்று. ஆக மூன்று. ஒரு தலைக்கு மூன்று கட்டி என்பது என் வியாபாரத்தில் அதுவரை நடக்காத சாதனை.

நடந்தது இதுதான். சவர்த் தண்ணீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற உப்புகளோடு சேர்ந்து மெழுகுபோலத் திரண்டுவிடும். தேய்க்கத் தேய்க்க நுரைக்குப் பதில் மெழுகுதான் கூடும். மாமி நான் சொன்னபடியே மூன்று கட்டி மெழுகைத் தேய்த்து முடித்திருந்தார்.

“ரஜனி, இஞ்ச ஒருக்கா வாகா” என்று அவர் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். முழங்கால்வரை விழும் கூந்தல் விழவில்லை. தடித்த கயிறுகளாகப் பிரிந்து, சாம்பல் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நின்றது. ரஜனி சீப்பை விட்டு இழுத்தாள். சீப்பு உச்சிக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. அவள் கையை எடுத்தாள். சீப்பு அங்கேயே நின்றது.

பாதி சேலையோடு ஓடிவந்த கோகிலா தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அத்தான், நான் உங்களுக்கு என்ன செய்தன்?” என்று மட்டும் கேட்டுவிட்டு குசினி வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அதுவரை சமாளிக்க ஏதாவது வார்த்தை தேடிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு தேடவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தில் கைவைத்துவிட்டேனே.

மாமி கதிரையில் உட்கார்ந்தார். “நான் வரல்ல. நீங்க போய்ட்டு வாங்க.”

“பொம்புளட தாய் போகாட்டி அந்த மனுசி மரியாதையில்லாத ஆக்கள் எண்டு நினைக்காதா?” என்றாள் ரஜனி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு நாளும் இந்தத் தண்ணியில நீங்க என்ன போட்டு முழுகினீங்க?”

வேறு வழியில்லாமல் சாரத்தின் மடிப்பை அவிழ்த்து ஷாம்பு பைக்கற்றைக் காட்டினேன். கோகிலாவின் அழுகை ஒரு கணம் நின்றது.

“சோப்பு நுரைக்காத தண்ணி, வன்னீர் எண்டு ஒரு பாடம் இரிக்கு” என்றாள் ரஜனி, வகுப்பில் பின்வரிசைக்காரனிடம் பேசுகிற குரலில். “அதைப் பிறகு படிப்பிக்கிறன். இப்ப புளிப்புத்தான் இதைக் கரைக்கும். தேசிக்காய் எங்க?”

வீட்டில் இருந்த தேசிக்காய் மொத்தம் நான்கு. அந்த நான்கும் வேன் சில்லுகளுக்குக் கீழே வைக்க மாமா வாங்கி வைத்தவை. தேசிக்காயில் சில்லு ஏறாமல் மாமா நல்ல காரியத்துக்குப் புறப்படமாட்டார். ரஜனி போய்ச் சில்லுக்குக் கீழிருந்தே பொறுக்கிக்கொண்டு வந்தாள். மாமா தடுக்கவில்லை. அடுத்தது தண்ணீர். குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் பறந்தேன். கடையில் இருந்த பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் கேட்டேன்.

“என்ன தம்பி, விசேசமா வீட்டில?” என்றார் கடைக்காரர்.

“மாமி முழுகப் போறா” என்றேன். அவசரத்தில் உண்மை வந்துவிட்டது. அவர் போத்தல்களைக் கட்டித் தந்தார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. (என்னிடம் கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னார்.)

தேசிக்காய்ச் சாற்றைப் போத்தல் தண்ணீரில் கலந்து ரஜனி தலையில் ஊற்ற ஊற்ற, மெழுகு மெல்லக் கரைந்து வந்தது. போத்தல் திறந்து கொடுக்கிற வேலை எனக்கு. ஆறாவது போத்தலில் சீப்பு விடுபட்டது. கோகிலா அதைக் கண்டுதான் சேலையின் மற்றப் பாதியைக் கட்டப் போனாள். நுனிமுடி மட்டும் பிடிவாதமாக நின்றது. அதைச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டாள் ரஜனி. ஒரு கொண்டையூசிகூடத் தேவைப்படவில்லை. ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

மாமா வாசலுக்கு வந்தார். “வேன்காரன் கேக்கிறான்” என்றார். அன்று காலை அவர் பேசிய ஒரே வசனம் அது. பிறகு பிழிந்து போட்ட தேசிக்காய்த் தோல்களைப் பொறுக்கி எடுத்துப்போய் நான்கு சில்லுக்கும் கீழே வைத்தார். அரை மணி நேரம் பிந்திப் புறப்பட்டோம்.

கல்குடாவில் பையனின் தாய் எங்களை வரவேற்று இருத்தினார். மாமிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் மூக்கைச் சுளித்தார். வேப்பெண்ணெயும் தேசிக்காயும் கலந்து, ஊறுகாய்ச் சாடியைத் திறந்தது மாதிரி ஒரு மணம் அந்த அறைக்குள் வந்திருந்தது.

“என்ன ஒரு மாதிரி மணக்குது?”

கோகிலாவின் சார்பில் எனக்கு உயிர் போயிற்று. ஏதாவது பொய் சொல்லுங்கள் மாமி, தைலம் பூசினேன் என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மாமிக்குப் பொய் சொல்லவும் முடியும், கம்பனி என்று எவ்வளவு நாள் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது என்ட மருமகன்ட சோப்பு” என்றார்.

என் இலட்சியம் நிறைவேறிவிட்டது. நாலு பேர் என்ன, ஒன்பது பேர் முன்னால்.

அதோடு விடவில்லை. பதினொரு மூலிகை, மூன்று கட்டி, நின்ற சீப்பு, வேன் சில்லுத் தேசிக்காய், சாரத்துக்குள் இருந்த ஷாம்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். பையனின் தாய் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு கையை நீட்டி மாமியின் கொண்டையை விரலால் தட்டிப் பார்த்தார். அது டக்கென்று சத்தம் போட்டது என்று மாமி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

“இந்தளவு நடந்தும் மறைக்காம வந்து சொல்லுற ஆக்கள்ட வீட்டுக்குப் பிள்ளையத் தரலாம்” என்றார் கடைசியில். “எங்களுக்குச் சம்மதம். ஒரே ஒரு கண்டிசன். என்ட மகன் உங்கட வீட்டுக்குத்தான் வாறான். அவன்ட தலையில உங்கட மூத்த மருமகன் கைவைக்கப் படாது.”

எல்லோருக்கும் முன்னால் நான் ஒப்புக்கொண்டேன்.

பிறகு நான் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். அது சவர்த் தண்ணீரிலும் நுரைக்கும். (ரஜனி படிப்பித்தது. வன்னீர்ப் பாடத்தையும் சேர்த்து.) இப்போது புதிதாகக் காய்ச்சும் எதையும் முதலில் எங்கள் கிணற்றடியில் என் தலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மாமி கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

கோகிலாவின் கணவர் வந்து ஐந்து வருடமாகிறது. தாய் போட்ட கண்டிசனை அவர் விரதம்போல் காப்பாற்றுகிறார். என் சோப்பில் ஒரு துண்டைக்கூட அவர் தலைக்கு வைத்ததில்லை. ஆனாலும் பாருங்கள், அவருக்கு நெற்றி ஏறத் தொடங்கி, உச்சியைத் தாண்டி, இப்போது பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய தகப்பனாருக்கும் அப்படித்தானாம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செட்டிபாளையம் சந்தியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனால் சனங்கள் அவருடைய தலையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் அந்த அம்மாள் கல்குடாவிலிருந்து வருவார். வாசலில் மகனைக் குனியச் சொல்லி உச்சியைத் தடவிப் பார்ப்பார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீடு முழுக்கக் கேட்கிற இரகசியக் குரலில் கேட்பார்:

“உண்மையச் சொல்லுங்க தம்பி, எத்தின கட்டி?”