வேண்டுதல் பலித்ததாக எழுதியதை வாபஸ் வாங்குவது பற்றி

மரியாதைக்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் மாத இதழை, கல்யாணமான மறு மாதத்திலிருந்து விடாமல் வாங்கிப் படித்துவரும் வாசகி எழுதிக்கொள்வது. ஆண்டவன் தயவில் உடம்பு நலம். தாங்களும், தங்கள் அலுவலகத்தில் பிழை பார்ப்பவர் உட்பட அனைவரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். மனசு நலமா என்று தாங்கள் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். போன இதழில் 'வேண்டுதல் பலித்தது' பகுதியில், மூன்றாவதாக, என் கடிதத்தைப் போட்டிருந்தீர்கள். "பல வருடங்களாக என்னோடு ஒட்டாமல் இருந்த என் மகள், தானாகவே முன்வந்து என்னை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகிறாள். இறைவனுக்கு நன்றி" என்று. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வரும் இதழிலேயே, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், மேற்படி வேண்டுதல் பலிக்கவில்லை, வாசகர்கள் மன்னிக்கவும் என்று போட்டுவிடுங்கள். வீட்டுக் கணக்கில் ஒரு தீப்பெட்டி விட்டுப்போனாலே தேடி எழுதிவிட்டுத்தான் படுப்பவள் நான். கடவுள் பேரில் ஒரு தப்புக் கணக்கு என் கையெழுத்தோடு நிற்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பல் டாக்டர். கெட்டிக்காரி. எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேசாமல் கிடப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அது ஒன்றுதான் குறை. ஒரே ஊரில்தான் இருக்கிறோம், நடுவில் இரண்டு பஸ். அவள் அப்பா போனபிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "மாத்திரை சாப்டியா? கதவைப் பூட்டிக்க. வைக்கிறேன்." இதில் நான் எந்த இடத்தில் புகுந்து பேசுவது? நான் கூப்பிட்டால் வருவாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பல்பு மாட்டுகிறவர் வருகிற மாதிரி வருவாள், வேலையை முடிப்பாள், போவாள். அதனால்தான் வேண்டுதலில் 'தானாக' என்ற சொல்லைச் சேர்த்தேன். நான் கூப்பிடாமல், யாரும் சொல்லாமல், தானாக ஒருநாள் என் மகள் என்னைத் தேடி வரவேண்டும். ஆண்டவனிடம் கேட்கும்போது ஓட்டை இல்லாமல் கேட்கவேண்டும் என்று உங்கள் இதழில்தான் படித்திருந்தேன்.

வந்தாள். ஒரு புதன்கிழமை வாசலில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி, "அடுத்த மாசம் லீவு போட்டிருக்கேன். உன்னோட நாலு இடம் பார்க்கணும்னு தோணிச்சு" என்றாள். "யாருக்குத் தோணிச்சு?" என்றேன், சரியாகக் காதில் வாங்கவேண்டுமே என்று. "எனக்குத்தான்" என்றாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கண்ணீரைவிடத் தண்ணீர்தான் அதிகம் வீணாயிற்று. அன்றைக்கே உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். போய்வந்த பிறகு எழுதியிருக்கலாம். அவசரப்பட்டேன். நீங்களும் அதைவிட அவசரப்பட்டு, நாங்கள் பெட்டி கட்டும் முன்பே அச்சடித்துவிட்டீர்கள். மாடி வீட்டுக்காரி வந்து, "எத்தனை நாள் வேண்டிக்கிட்டீங்க, உபவாசம் உண்டா, இல்ல சாப்பிட்டுக்கிட்டேதானா? எனக்கும் சொல்லுங்கக்கா, என் மருமகளுக்கு முயற்சி பண்ணிப் பார்க்கறேன்" என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனாள். இதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் பயணம் கிளம்பினேன், பக்கத்தை மடித்து.

முதல் நாள் மியூசியம். என் மகள் என் கையைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக, நடத்திக்கொண்டு போனாள். எனக்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது, தினமும் காய்கறி தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவள். ஆனாலும் அருமையாகப் பிடித்திருக்கிறாளே என்று நானும் கொஞ்சம் நொண்டிக் காட்டினேன். நொண்டியதில் நிஜமாகவே கால் வலித்து, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது எந்த ராணியோ உட்கார்ந்த நாற்காலியாம். மணி அலறியது, காவலாளி ஓடிவந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ராணி உட்கார்ந்தா தப்பில்ல, நான் உட்கார்ந்தா மட்டும் தேஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். அடுத்த அறையில் ஒரு உடைந்த பானையை, அவளே உடைத்தது போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் என்னை அம்மா என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். அதையும் மன்னித்தேன், கைப்பையில்தான் இதழ் இருக்கிறதே.

இரண்டாம் நாள் ஏரியில் படகு. நடு ஏரிக்குப் போனதும் வாத்துக் கூட்டம் வந்தது. அப்போது என் மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, சின்ன வயசில நீ என்ன ஆகணும்னு ஆசைப்பட்ட?" என்றாள். ஆசிரியர் அம்மா, என்னை அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. கட்டிய புருஷன் கேட்டதில்லை, பெற்றவர்கள் கேட்டதில்லை. நாலாம் வகுப்போடு நிறுத்தி, பிறகு உங்கள் இதழை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் நான் வாசிக்கவே பழகினேன். என்னிடம் யார் கேட்பார்கள்? யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "பஸ் கண்டக்டர்" என்று. சீட்டுக் கிழித்து, மீதிச் சில்லறை பைசா பிசகாமல் கொடுத்து, விசிலை ஊதி, அத்தனை பெரிய வண்டியை நிற்க வைக்கவும் போக வைக்கவும் வேண்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. "ஓ" என்றாள். பிறகு வாத்தைப் பார்த்தாள்.

இதற்கிடையில் வேறொரு தொல்லை. கோல் ஊன்றிய ஒரு அம்மாளும் அவள் மகளும் எங்கே போனாலும் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். மியூசியத்தில் அவர்கள், ஏரியில் பின்னால் வந்த படகில் அவர்கள், சாப்பிடப் போனால் அடுத்த மேஜையில் அவர்கள். கைப்பையை இறுக்கிக்கொண்டு ஹோட்டல் காவலாளியிடம் புகார் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அவங்களும் உங்களைப் பத்தி இப்பதாம்மா சொல்லிட்டுப் போறாங்க" என்றார். விடுவேனா? மூன்றாம் நாள் மலைக்குப் போகும் ரோப் கார் வரிசையில், மகள்கள் டிக்கெட் வாங்கப் போனதும், நேராகவே போய்க் கேட்டேன்.

"ஏங்க, எங்க பின்னாலயே வர்றீங்களே, என்ன சங்கதி?"

"யாரு, நாங்களா? நீங்கதான் நாங்க போற இடமெல்லாம் முன்னாடியே போய் நின்னுக்கறீங்க. என் பொண்ணு எனக்கு வாங்கித் தந்த சால்வை மாதிரியே நீங்களும் ஒண்ணு போட்டிருக்கீங்க."

"இது என் பொண்ணு ஆசையா வாங்கித் தந்தது."

"ஊதா. ஓரத்துல பூ. காலையில காப்பி குடிக்கறப்ப, பின்னால வந்து போர்த்திவிட்டா?"

நான் சால்வையின் ஓரத்துப் பூவைத் திருப்பிப் பார்த்தேன். "நேத்து படகுல உங்க பொண்ணு ஏதாவது கேட்டாளா?"

"கேட்டாளே. சின்ன வயசில என்ன ஆகணும்னு ஆசைப்பட்டேன்னு."

"வாத்து வந்தப்பவா?"

"ஆமா, வாத்து வந்தப்பதான்."

 அப்புறம் அந்த அம்மாள் கோலைத் தட்டிக்கொண்டு, நான் இதழைக் கசக்கிக்கொண்டு, டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் போனோம். அவள் மலர்ந்த முகத்தோடு, "நீங்க ரெண்டு பேரும் 'தாயும் மகளும்' பேக்கேஜ்தானே? ஊதா சால்வையைப் பார்த்தாலே தெரியுமே! முதல் நாள் கையைப் பிடிச்சு நடத்தணும், ரெண்டாம் நாள் படகுல கேள்வி, மூணாம் நாள் சால்வை, சாயங்காலம் மலை மேல பெஞ்சுல கையைக் கோத்துக்கணும். எல்லாம் இந்த ரோப் காரை நடத்தற எங்க டிராவல்ஸ்ல பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்துதான் அனுப்புவோம். அம்மாக்களுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா ருசிக்காது" என்றாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆண்டவனே இறங்கி வந்துவிட்டதாக நினைத்தேன். டிராவல்ஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

மலை மேல் போனால் பெஞ்சு பெஞ்சாக ஊதா சால்வை. சூரியன் இறங்கியதுதான் தாமதம், வரிசையாக மகள்கள் அம்மாக்களின் கையை எடுக்கிறார்கள். என் மகளும் எடுத்தாள். பல்லைப் பிடுங்கும் முன் தாடையைப் பிடிப்பதைப் போல, மென்மையாக.

"இது எத்தனாவது ஐட்டம்?" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? பெத்தவகிட்ட பேசறதுக்கு ஒரு கம்பெனிக்காரன் உனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? நான் அந்த ஏரியில வச்சு யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்டி. அத்தனை படகுலயும் கேட்ட கேள்விக்குப் போய்ச் சொன்னேன்."

"ஆமா, சொல்லிக் குடுக்கணும். எனக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியல, காசு கட்டிக் கத்துக்கிட்டேன். அதுல என்ன தப்பு? நீ மட்டும் என்ன செஞ்ச? என்னைப் பத்திரிகையைப் பார்த்துதானே வளர்த்த? எனக்குக் காய்ச்சல்னா ஒரு கை என் நெத்தியில இருக்கும், ஒரு கையில அந்தப் புத்தகம் இருக்கும். பக்கம் திருப்பறதுக்கு நெத்தியில இருக்கற கையைத்தான் எடுப்ப. திருப்பிட்டு மறுபடி வைப்பேன்னு காத்துக்கிட்டே படுத்திருப்பேன். நீ படிச்சுக்கிட்டே இருப்ப."

"நான் உன்னை ஒழுங்கா வளர்க்கலைங்கறியா?"

"ஒழுங்காத்தான் வளர்த்த. அதுல போட்டிருந்ததை ஒண்ணு விடாம செஞ்ச. நானும் இப்ப அதையேதான் செஞ்சேன். குறை சொல்லாத."

 அந்தக் கோல் ஊன்றிய அம்மாள் அடுத்த பெஞ்சில் மகளுடைய கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டும் பிடித்திருந்தாள். மானம் கெட்டவள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆசிரியர் அம்மா, ஒன்று கேட்கிறேன். 'குழந்தைக்குக் காய்ச்சலா?' என்ற அந்தக் கட்டுரையை நீங்கள் ஏன் இரண்டு பக்கத்துக்கு இழுத்தீர்கள்? எழுத்தைப் பொடியாக்கி ஒரே பக்கத்தில் அடக்கியிருந்தால் நான் கையை எடுத்திருப்பேனா? முதல் பக்கத்தின் அடியில் நெற்றியில் ஈரத்துணி போடவும் என்று இருந்தது, எவ்வளவு நேரம் என்பது அடுத்த பக்கத்தில். எனக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இருக்கவில்லை. நான் படித்ததை நம்பிச் செய்தேன். அவளும் அப்படித்தான் செய்தாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் காலையில் பல் விளக்கும்போது தோன்றியது. தோன்றினால் என்ன? நான் வேண்டிக்கொண்டது 'தானாக' என்று. வந்தது பேக்கேஜாக. கணக்கு உதைக்கிறது.

இப்போது அவள் அறையில் பெட்டி கட்டுகிறாள். நான் கீழே வரவேற்பறையில், ஹோட்டல்காரர்கள் கொடுத்த காகிதத்தில் இதை எழுதுகிறேன். வாபஸை மறக்காமல் போடவும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும் என்று ஆண்டவனை வேண்டுகிறேன், இனி என் வேண்டுதலுக்கு என்ன மதிப்போ தெரியாது. தங்களுக்கு மகள் இருந்தால் அவளுக்கு என் ஆசீர்வாதம். அவள் எங்காவது கூப்பிட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேண்டுதல் பலிக்காத வாசகி

பின்குறிப்பு: ஹோட்டலில் தபால் தலை கிடைக்கவில்லை. இதை இப்போது என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர் திரும்பியதும் வீட்டு வாசல் வரை கார் உண்டு, அதுவும் பேக்கேஜில் சேர்த்தி என்றாள். "அதுல நான் ஏற மாட்டேன், டவுன் பஸ்ல போய்க்கறேன்" என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். அவளும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து ஏறினாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டரின் குரல் கேட்டது. "ஏம்மா, விசில் என்ன விளையாட்டுச் சாமானா?" திரும்பினால், அந்த நெரிசலில், காது சிவக்க, என் மகள் நின்றுகொண்டிருக்கிறாள். "எங்கம்மாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆசை சார். ஒரே ஒரு தடவை." பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் முனகிக்கொண்டே விசிலைச் சட்டையில் துடைத்து நீட்டினார். "இருங்க சார்" என்று பிடுங்கி, பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, பல் டாக்டர் இல்லையா, நாலு பக்கமும் துடைத்து என் கையில் கொடுத்தாள். "அடுத்த ஸ்டாப்புல ஆள் ஏறினதும் ரெண்டு தடவை ஊதுங்கம்மா, வண்டி கிளம்பும்" என்றார் கண்டக்டர். எனக்கு ஸ்டாப் வரும்வரை பொறுக்கவில்லை. அப்போதே ஒரு தடவை ஊதிவிட்டேன். நடுரோட்டில் வண்டி நின்றது. டிரைவர் திட்டினார், நின்றவர்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. என் மகள் வாயைத் திறந்து சிரித்தாள். அவள் பல்லை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. கடைவாயில் ஒன்று அடைத்திருக்கிறாள், எனக்குச் சொல்லவே இல்லை.

டிராவல்ஸுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டேன். பேக்கேஜில் விசில் கிடையாதாம்.

ஆகவே வாபஸைப் போடவேண்டாம். எழுதிய காகிதத்தைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன், படித்துவிட்டு வைத்துவிடவும். முன்பு வந்ததில் ஒரு திருத்தம் மட்டும். 'ஊர் சுற்றிப் பார்க்க' என்பதை எடுத்துவிட்டு 'டவுன் பஸ்ஸில்' என்று போடவும். 'தானாகவே' என்ற சொல்லில் பிழை பார்ப்பவர் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.