என்சைம் அண்ணாச்சி ஓடிய நாள்

தூத்துக்குடி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலைந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, என்சைம் அண்ணாச்சிதான். அலைந்த என்றா எழுதினேன்? தப்பு. அவர் எங்கும் அலையவில்லை. உட்கார்ந்திருந்தார். அவரளவுக்கு உட்கார்ந்த மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. வருகிற போகிற சரக்குக்கெல்லாம் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்வது எங்கள் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணாச்சி அங்கே சீனியர். சாயர்புரத்துக்காரர். படித்தது விலங்கியல். கல்லூரியில் கற்றதையெல்லாம் மறந்துவிட்டு, தின்கிற சோற்றை உடம்பு எப்படிச் சக்தியாக மாற்றுகிறது என்கிற ஒரே பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்புக்குள் அத்தனை வேலையையும் நடத்திவைப்பது என்சைம். அந்த என்சைமுக்கு முப்பத்தேழு டிகிரி சூடு வேண்டும். ஆபீஸ் ஏசி அதற்கு ஜென்ம விரோதி. ஆகவே ஸ்வெட்டர். மதியம் வெளியே போகும்போதாவது கழற்றக் கூடாதா என்று கேட்டேன். கழற்றவும் மாட்டவும் ஆகிற எனர்ஜியை நீயா தருவாய் என்றார்.

எனர்ஜி விஷயத்தில் மனிதர் மகா கஞ்சன். மேஜையிலிருந்து பிரிண்டருக்கு நாற்காலியோடு உருண்டு போவார். சுவரைக் காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான் செலவு. சிரிப்பு வந்தால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விடுவார். மேல்மாடியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டால் போனை எடுத்து, "சொல்லுங்க சார், இங்கன நல்லா கேக்கு" என்பார். மேனேஜரே இறங்கி வந்து பழகிவிட்டார்.

மெல்லுவதற்கு மட்டும் கணக்குப் பார்க்க மாட்டார். சோறு வாயில் இனிக்கிற வரைக்கும் மெல்லுவார். எச்சிலில் இருக்கிற என்சைம் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறதாம். ஒரு நாள் பொரிச்ச பரோட்டாவை என்னையும் அப்படி மெல்ல வைத்தார். தாடைதான் வலித்தது. சால்னா காரத்தில் இனிப்பு எங்கே தெரியப்போகிறது? "பொறுலே, உள்ள வெட்டிக்கிட்டுதான இருக்கான்" என்று சமாதானம் சொன்னார். என்சைமை எப்போதும் 'அவன்' என்றுதான் சொல்வார், கூட வேலை பார்க்கிற ஆளைச் சொல்வது மாதிரி.

எங்களோடு வேலை பார்த்த காயல்பட்டினத்து சாகுல் நோன்பு வைத்தால் போதும், அண்ணாச்சி நேரடி வர்ணனையை ஆரம்பித்துவிடுவார். விடிவதற்கு முன்னால் சாப்பிட்டது தீர்ந்தது, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுக்கிறான், அடுத்து கொழுப்பில் கை வைப்பான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாவம் சாகுல், பசியைத் தாங்கினார், வர்ணனையைத் தாங்க முடியவில்லை. மேல்மாடிக்கு இடம் மாற்றிக்கொண்டார். அண்ணாச்சி படி ஏறி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் லூர்து அண்ணன் தன் மகளின் கல்யாணக் கறியை ஒப்படைத்தார். லூர்து எங்கள் ஆபீசில் பில் போடுகிறவர். மனைவி தவறிய பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர், தங்கமான பையன். ஆனால் அவனுக்கு ஓர் அத்தை. ஏதோ ஒரு கல்யாணத்தில் கறி வேகவில்லை என்று அந்தப் பெண் வீட்டாரை இன்றுவரை போகிற இடமெல்லாம் பேச்சில் இழுத்துக்கொண்டிருக்கிற அம்மா. "தாயில்லாப் பிள்ள அண்ணாச்சி. போற வீட்டுல மொத நாளே ஒரு சொல்லு கேட்டுறக் கூடாது" என்று லூர்து கண் கலங்கினார். கடைசியில் வாங்கி வந்த கிடாக்களும் முற்றல். பப்பாளிக்காய் இருக்கப் பயமென்ன என்றார் அண்ணாச்சி. பப்பாளிப் பாலில் இருக்கிற என்சைம் எந்த முற்றல் கறியையும் வெட்டிப் பூவாக்கிவிடுமாம்.

எங்கள் ஆட்களுக்கு எதற்கும் கடிகாரம் கிடையாது, கப்பல்தான். கப்பல் வருவதற்கு முன்னால் இந்தப் பேப்பர், வந்த பிறகு அந்தப் பேப்பர் என்றே ஆயுள் போகிறது. கறிக்கும் அதே திட்டம் போடும்படி ஆயிற்று. மாப்பிள்ளையின் கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு நம் துறைமுகத்துக்கே வந்திருந்தது. ஆனால் உள்ளே இடம் கிடைக்காமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. மாதா கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தாயிற்று, நாளைத் தள்ள முடியாது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை லாஞ்ச் படகில் கரைக்கு வருவது என்று முடிவானது. சமையல்காரர் மாசிலாமணியிடம் அண்ணாச்சி இரண்டே கட்டளை இட்டார். மாப்பிள்ளை லாஞ்சில் ஏறியதாகச் சேதி வந்ததும் கறியில் பப்பாளியைத் தடவ வேண்டும். கோயில் வாசலில் இறங்கியதும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம்தான். பூசை முடிந்து ஆட்கள் வரும்போது கறி சுடச்சுட இருக்கும்.

'ஏறிட்டேன்' என்று சேதி வந்தது. பப்பாளியும் ஏறியது. மாப்பிள்ளையைத்தான் காணோம். கப்பல் கிளம்பியது என்றால் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை. தினமும் பார்க்கிற கூத்துதான், கல்யாண மும்முரத்தில் மறந்துவிட்டோம். கூட வர வேண்டிய இரண்டு பேருக்குப் பேப்பர் தயாராகாமல் லாஞ்ச் கப்பல் பக்கத்திலேயே ஆடிக்கொண்டு நின்றதாம். அப்புறம் துறைமுக கேட்டில் முத்திரை போட ஆள் இல்லையாம். கோயிலில் பாட்டுக் குழு பாடிய பாட்டையே திரும்பப் பாடியது. ஃபாதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பட்டுச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு என் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி திடீரென்று என் முழங்காலைப் பிடித்தார். "ஏலே, அவன் இன்னும் வெட்டிக்கிட்டேல்லா இருப்பான்."

யார் என்று கேட்டேன்.

"பப்பாளிக்காரன். நம்ம வயித்துலன்னா போதும்னு நிறுத்த ஏற்பாடு இருக்கு. அண்டாவுல யாருலே நிறுத்துவா? கறி கூழாயிரும்."

மாசிலாமணிக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சமைப்பார், போன் சட்டைப் பையில் இருக்கும். இருந்த வண்டியெல்லாம் துறைமுகத்துக்குப் போயிருந்தது. நான் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். "நீ சொன்னா மாசிலாமணி கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அண்ணாச்சி ஓடினார்.

ஓடினார் என்றால் ஓட்டம். பிரிண்டருக்கு நடக்காத மனிதர், ஸ்வெட்டரோடு, உச்சி வெயிலில், மீன் கூடைக்காரிகள் ஒதுங்கி வழிவிட, சமையல் நடக்கிற மண்டபம் வரைக்கும் ஓடினார். பாதி வயதுக்காரன் நான், என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மாசிலாமணி பற்ற வைக்காத அடுப்புக்குப் பக்கத்தில் நிம்மதியாக பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேட்டார். அண்ணாச்சிக்கு மூச்சு வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அடுப்ப பத்த வையி. எண்ணெய நல்லா காய வச்சு கறிய கொஞ்சம் கொஞ்சமா அதுல போடு. மெதுவா சூடு காட்டிராத, வெதுவெதுப்புன்னா அவனுக்குக் கொண்டாட்டம். கொதியிலதான் சாவான்."

"மாப்ள வராம பத்த வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய?"

"இப்ப நாந்தான் சொல்லுதேன்."

கறியில் கொஞ்சம் கரைந்து குழம்போடு போய்விட்டது. மீதி தப்பித்தது. ஒருவழியாக மாப்பிள்ளை வந்து, தாலி ஏறி, பந்தி நடந்தது. அப்போதுதான் அத்தைக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "இந்தப் பிள்ள வீட்டுக் கறி மாதிரி நான் எங்கயும் தின்னதில்ல" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னாள். லூர்து அண்ணன் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதார். அண்ணாச்சி மூலையில் ஒரு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நன்றி சொல்ல வந்த லூர்துவிடம், ரொம்பச் செலவாகிவிட்டது, இனி யாரும் என்னை எழுப்பாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

இப்போது ரிட்டயராகி மாப்பிள்ளையூரணியில் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். நாற்காலியும் ஸ்வெட்டரும் அப்படியே இருந்தன. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். கிளம்புகிறேன் என்றதும் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். உட்காருங்க அண்ணாச்சி என்றேன், கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்தார். தெரு முனையில் பைக் கண்ணாடியில் பார்த்தால், வெயிலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். கை ஆட்டவும் எனர்ஜி வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.