எல்லா மொழியிலும் மேடம்

"ரீட்டாவா? வேணவே வேணாம்!"

மடிப்பு என்கிறவன் போட்ட கத்தலில், பிறந்து இரண்டே நாளான அவன் மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவன் வேலை. அதனால் எல்லாருக்கும் அவன் மடிப்புதான். ஆஸ்பத்திரி மேசையில் குழந்தையின் பெயர் எழுதும் படிவம் காலியாகக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து வாங்கிக்கொள்வார். இப்போது மணி பதினொன்றரை.

"ரீட்டாவுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி.

ரீட்டாவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கொழுந்தியாள் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு பெயர்ப் புத்தகம் இருந்ததே, அதுதான் வினை. "ரீட்டா. மார்கரெட்டுக்கு இத்தாலிக்காரங்க வச்ச பேரோட சுருக்கம்" என்று அவள் சத்தமாக வாசித்துத் தொலைத்திருந்தாள்.

மார்கரெட் என்பது சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரின் பெயர். விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், அந்த அம்மாள் முழு அடுக்கையும் கலைத்து மறுபடி மடிக்கச் சொல்லிவிடுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மடிப்பு மடித்ததையே மறுபடி மடிப்பான். பகலெல்லாம் அந்தப் பேருக்கு நடுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே பேரைக் கொஞ்ச வேண்டுமா? அதுவும் ஆயுசு பூராவும்?

மனைவியிடம் உள்ளதைச் சொல்லலாம்தான். ஆனால் நாலு வருஷமாக அவன் வீட்டில் விட்டுவந்த கதை வேறு. "அந்தம்மாவா? நான் ஒரு முறை முறைச்சா அப்படியே ஒதுங்கிப் போயிடும்" என்பான். இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"பள்ளிக்கூடத்துல ரீட்டான்னு ஒரு டீச்சர். என்னைப் பின்னி எடுத்துடுவாங்க" என்று சமாளித்தான்.

"ஐயோ பாவம். அப்ப கிரேட்டா?"

கொழுந்தியாள் பக்கத்தைப் புரட்டினாள். "கிரேட்டா. இதுவும் மார்கரெட்தான் அத்தான். ஸ்வீடன் பக்கம் அப்படிக் கூப்பிடுவாங்களாம்."

"வேணாம்! கிரேட்டான்னு எங்க பழைய வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மனைவி தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். "எந்தப் பொண்ணு? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சின்னப் பொண்ணு! அஞ்சு வயசு!"

"சரி. மேகன்?"

"மேகன். வேல்ஸ்காரங்களோட மார்கரெட்" என்றாள் கொழுந்தியாள்.

"மேகன் வந்து... பஸ்ல டிக்கெட் குடுக்கிற அம்மா."

"டிக்கெட் குடுக்கிற அம்மாவோட பேரு வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கீங்களா? நல்லா இருக்குங்க. சரி, பெக்கி?"

"பெக்கியும் மார்கரெட்தான் அத்தான், செல்லப் பேரு."

"பெக்கிய எனக்குத் தெரியவே தெரியாது! சத்தியமா!"

"அப்ப மத்த மூணு பேரையும் நல்லாத் தெரியும்."

மடிப்பு கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். ஊர் உலகத்துப் பெயரெல்லாம் எதற்கு, நம் மொழியில் இல்லாத பெயரா என்று சட்டென்று ஒரு யோசனை வந்தது. அந்த அம்மாள் நிழல்கூடப் படாத ஒரு பெயர். தொட்டிலைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்ற துணிக்குள் உருண்டையாகச் சின்ன முகம்.

"முத்து! முத்துன்னு வைப்போம்!" என்றான் வெற்றி வீரன் மாதிரி.

கொழுந்தியாள் மெல்லப் பக்கத்தைத் திருப்பினாள். "மார்கரெட். கிரேக்கச் சொல். பொருள்: முத்து."

மடிப்பு நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

"எனக்கு அந்தம்மான்னா பயம்டி! நான் முறைச்சது, அவங்க ஒதுங்குனது, எல்லாம் புளுகு! அவங்க பேரைக் கேட்டாலே ஓடி ஒளியத் தோணுது. இந்த டீச்சர், பக்கத்து வீடு, பஸ், ஒண்ணுமே கிடையாது. எனக்குப் பொம்பளைன்னா நீயும் அந்தம்மாவும்தான்!"

மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்குப் போயா இவ்வளவு தவிப்பு? நம்ம பொண்ணைத் தினம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பயமே போயிடும் பாருங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய்ப் பொய் சொல்லி ஏமாற்றினோமே என்று வெட்கமாக இருந்தது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது, இனி எதற்குச் சுற்ற வேண்டும்? பேனாவை எடுத்துத் தன் கையாலேயே 'மார்கரெட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

நர்ஸ் வந்து படிவத்தைச் சரிபார்க்க உரக்க வாசித்தார். "மார்கரெட்!"

"இதோ வந்துட்டேன்!"

அவர் வாயை மூடுவதற்குள் மடிப்பு எழுந்து தொட்டிலருகே போய், குழந்தையின் ஈரத்துணியை உருவிப் புதுத்துணியைக் கட்டி, மிச்சமிருந்த துணிகளையும் மடித்து அடுக்கிவிட்டு விறைப்பாக நின்றான்.

நர்ஸ் திகைத்துப் போய்ப் பார்த்தார். கொழுந்தியாள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"பயப்படாதீங்க சிஸ்டர், குழந்தை ஏழு மாசமா வயித்துல இருக்கும்போதே அக்கா இந்தப் பேரை முடிவு பண்ணிட்டா. அத்தான் தூங்கும்போது காதுல சொல்லிப் பாத்ததுக்கு, கண்ணைத் திறக்காமயே எந்திரிச்சுப் போர்வைய நாலா மடிச்சு வச்சிட்டு, 'அடுத்தது என்ன மேடம்?'னு கேட்டாராம்!"