கடைசி வரியில் தனியாக ஒரு சொல்

ஒரு சொல் தனியாக நிற்பதைப் பார்த்துச் சோறு இறங்காமல் தவிக்கிற மனிதர் தூத்துக்குடியிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் ஆபீஸில், என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பட்டப்பெயர் ஒத்தச்சொல்.

துறைமுகத்து ஏஜென்சிகளுக்கும் உப்பு வியாபாரிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற ஆபீஸ். தமிழ் வாசகம் எழுதுவது நான். அதைத் திரையில் ஏற்றுவது அவர். ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் மிஞ்சிவிட்டால் போதும், ஏசி ரூமிலும் அவருக்கு வேர்த்துவிடும்.

"அக்கா, இங்கன பாருங்க. 'அணுகவும்' மட்டும் தனியா நிக்கு. பாவமா இல்லையா?"

"அது என்ன கைக்குழந்தையா? நிக்கட்டும்."

நிற்க விடமாட்டார். கடைசி இரண்டு சொற்களுக்கு நடுவே, பிரியாத இடைவெளி என்று ஒன்றைக் கோடிங்கில் போட்டு முடிச்சுப் போடுவார். அப்புறம் அவை இரண்டும் போனால் சேர்ந்துதான் அடுத்த வரிக்குப் போகும்.

ஒரு தடவை கை வேகத்தில், உப்பு வியாபாரி ஒருவரின் வெப்சைட்டில் எல்லாச் சொற்களையும் முடிச்சுப் போட்டுவிட்டார். வாசகம் மொத்தமும் ஒரே வரியாகப் போன் திரையைத் தாண்டி ஓடியது. வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏலே, என் கடை அட்ரஸ் எங்கலே? தள்ளத் தள்ளப் போய்க்கிட்டே இருக்கு. திருச்செந்தூரே வந்துரும் போல, அட்ரஸ் வரலையே!"

அவரை அனுப்பிவிட்டு முதலாளி அண்ணாச்சி திரும்பினார். "இனிமே முடிச்சு கிடிச்சுன்னு வந்தே, உன் சீட்டு கிழிஞ்சிரும், பாத்துக்கோ."

அடுத்த வாரமே ஆலந்தலை மீனவர்களின் வெப்சைட்டில் அவசரமாக ஒரு காற்று எச்சரிக்கை போட வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒத்தச்சொல்லின் தலைக்கு மேல் நின்றார்.

"ஏத்துலே!"

"அண்ணாச்சி, கடைசியில ஒத்தச்சொல் நிக்கு."

"வேலை வேணுமா, வேண்டாமாலே உனக்கு?"

அவர் தன் பழைய சின்னப் போனை நீட்டினார். சோதனைக்காக அதில் திறந்திருந்த அறிவிப்புப் பெட்டியில் இரண்டு வரிதான் தெரிந்தது. அண்ணாச்சி சத்தமாக வாசித்தார்: "பலத்த காற்று வீசும். நாளை யாரும் கடலுக்குப் போக... போக, என்னலே? போகவா, வேண்டாமா?"

"அந்த 'வேண்டாம்'தான் மூணாவது வரிக்குப் போயி, பெட்டிக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கு."

ஒத்தச்சொல் 'போக', 'வேண்டாம்' இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். பெட்டியையும் ஒரு வரி உயர்த்தினார். மறுநாள் அடித்த காற்றில் எங்கள் ஆபீஸ் போர்டே பறந்தது. ஆலந்தலையில் ஒரு படகும் இறங்கவில்லை. அண்ணாச்சி ஒரு டப்பா மக்ரூன் வாங்கிவந்து அவர் மேஜையில் வைத்தார்.

"எங்க வேணும்னாலும் முடிச்சுப் போட்டுக்கோலே."

போன வருஷம் அவர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு வந்த பெண், முதல் நாளே என் வாசகத்தைக் காட்டி, "அக்கா, இங்க ஒரு விடோ இருக்கு. எடுத்துரலாமா?" என்றாள்.

"என்னளா சொல்லுத?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. கடைசி வரியில ஒத்தையா நிக்கிற சொல்லுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு. விதவைன்னு."

என் வீட்டுக்காரர் தவறி எட்டு வருஷமாகிறது. அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பெயர் அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, நாளுக்கு இருபது தடவை அதைப் பற்றியே புலம்பிய அந்தத் தம்பி, ஒரு தடவைகூட அந்தப் பெயரை என் காதில் விழவிட்டதில்லை.