விபூதி பூத்த தட்டைப்பயறு

தலைநகர் முனிர்க்காவில் ஒரு தரைத்தள வீட்டு வாசலில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸே வரிசையில் நின்றது. உள்ளே பயறானந்தா சாமி! அவர் தொட்ட தட்டைப்பயறில் முருகனே வெள்ளை வெள்ளையாய் விபூதிப் பொட்டு வைக்கிறாராம். பிடி ஐந்நூறு ரூபாய். வீட்டுப் பருப்போடு கலந்து நாற்பத்தெட்டு நாள் திறக்காமல் வைத்தால் தானியம் பெருகுமாம். முருகனுக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்!

செக்‌ஷன் ஆபீசர் ஜம்பு ஒரு பிடி வாங்கிவந்து, மெஸ் நடத்தும் மனைவி வீராயியிடம் நீட்டினார். "ஜல்தி, ட்ரம்ல போடு."

வீராயி ட்ரம்மை மறித்து நின்றாள். ட்ரம்மில் நாற்பது கிலோ பயறு. மெஸ்ஸே அதை நம்பித்தான் ஓடுகிறது. "பயறு பாழாப்போனா மெஸ்ஸை மூடிட்டு நானும் சாமியாராப் போகவா? முதல்ல பாட்டில்ல வெச்சுப் பார்ப்போங்க."

சாமிப் பயறை இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பிரித்துப் போட்டாள். ஒன்று ஃப்ரீசருக்குள், இன்னொன்று ஜன்னலோரம். திறக்கத்தானே கூடாது, பார்க்கக் கூடாதென்று யார் சொன்னது?

முப்பதாம் நாள் ஜன்னல் பாட்டிலில் பயறெல்லாம் ஓட்டை. பெருகியிருந்தது வண்டு. வீராயிக்கு வந்த ஆத்திரத்தில் ஜம்புவையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பாட்டில்களோடு முனிர்க்காவுக்குப் போனாள்.

"உன் சந்தேகந்தாம்மா வண்டாப் பொறந்திருக்கு," என்றார் சாமி. கூட்டம் அரோகரா போட்டது.

"அச்சா! இந்த பாட்டில்லயும் அதே பயறு, அதே சந்தேகந்தான் சாமி. ஃப்ரீசர்ல இருந்துச்சு, ஒரு வண்டுகூட வரலை. என் சந்தேகத்துக்குக் குளிர் ஆகாதோ?"

வீராயி ஒரு பொட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். "இது விபூதி இல்லைங்க, வண்டு வெச்ச முட்டை. புழு உள்ளே துளைச்சுத் தின்னு, வண்டா வெளியே வருது. குளிர்ல செத்துப்போகுது."

"சாமி சாப்பிடற பயறு எப்படியிருக்குன்னு பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். "அங்கே போகாதே!" என்று சாமி பதறி ஓடிவருவதற்குள் ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள். உள்ளே சாமி தினமும் சுண்டலுக்குப் போடும் பயறு, பொட்டே இல்லாமல் பளபளவென்று!

"உங்க பயறுக்கு மட்டும் பொட்டு வைக்க முருகன் மறந்துட்டாரா சாமி?"

"ஐயோ, என் பருப்பு டப்பா!" என்று நாலு பேர் வீட்டுக்கு ஓடினார்கள். மிச்சப் பேர் சாமியின் துண்டைப் பிடித்துப் பணத்தைக் கேட்டார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் வண்டு பாட்டிலைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நம்ம ட்ரம்..." என்றார் ஜம்பு மெதுவாக.

"உங்க பேச்சைக் கேக்கலை, அதான் பொழைச்சுது."

கடையில் பயறை அள்ளி, முகர்ந்து, ஒன்றைக் கடித்தும் பார்த்து வாங்குகிற கெட்டிக்காரர்களே! சாமியாரை மட்டும் ஏனய்யா கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறீர்கள்?