கடைசிக் குஞ்சுக்கும் சமநீதி

உலகத்தில் நீதி என்ற ஒன்று இன்னும் எங்காவது மிச்சமிருக்கிறது என்றால், அது ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே, துளசிராமன் அவர்களின் பிராய்லர் ஷெட்டில்தான் இருக்கிறது. திருவள்ளூர் கோர்ட்டில் மூன்று தலைமுறையாக வரப்பு வழக்கு நடத்தி வரும் குடும்பம் அது. நீதி எங்கே கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே தங்கள் நெல் நிலத்திலேயே அதற்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டார்கள்.

குஞ்சும் தீவனமும் கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு தீவன ஆலையிலிருந்து வரும், வளர்ப்பது துளசிராமன். ஆலையின் மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் முதல் நாளே அவருக்கு அமினோ அமிலம் பற்றி 'உபதேசம்' செய்து வைத்தார். புரதமே அதனால் ஆனதுதான். லைசின், மெத்தியோனின், திரியோனின் என்று அதில் பல வகை. எல்லாம் சேர்ந்து கிடைத்தால்தான் கோழிக்குச் சதை பிடிக்கும். ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி அந்த ஒன்றின் அளவோடு நின்றுவிடும். மற்றதை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் எச்சமாகப் போய் ஷெட்டை நாறடிக்குமே தவிர, கோழி தேறாது.

கேட்ட துளசிராமன் கண் கலங்கினார். 'குறைந்தவனைக் கவனி' என்பது தம் வம்சத்தின் கொள்கை என்றும், கோழி விஞ்ஞானிகள் அதை எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார்கள் என்றும் அறிவித்தார். அன்று முதல் மூங்கில் கழியோடு தீவனத் தட்டுகளுக்கு நடுவே காவல் நின்றார். கொழுத்தவை முண்டியடித்தால் கழியால் ஒதுக்கினார். நோஞ்சான் குஞ்சுகளுக்குத் தனித் தடுப்பு, தனித் தட்டு, முதல் பந்தி. ஒரு தகரத்தில் தாமே பெயிண்டால் எழுதி ஷெட்டில் மாட்டினார்: 'இங்கே யாரும் கடைசியில் சாப்பிடுவதில்லை.'

வாரந்தோறும் எடை பார்ப்பார். ஒரு குஞ்சு எடை குறைந்தாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. இறங்காத சோற்றை இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றி இறக்குவார்.

வீட்டிலும் ஒழுங்குக்குக் குறைவில்லை. முதலில் துளசிராமன் சாப்பிடுவார். அடுத்து கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் மகன் சரவணகுமார். அப்புறம் வந்தவர் போனவர். அப்புறம் மனைவி லட்சுமியம்மாள். எல்லோரும் கை கழுவிய பிறகு மருமகள் அருணா. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சோறு ஏராளம், ரசமும் ஏராளம். பருப்பும் முட்டையும் மீனும் மட்டும் அவள் முறை வருவதற்குள் தீர்ந்திருக்கும். கிராம நர்ஸ் நர்மதா போன மாதமே எச்சரித்திருந்தாள்: எடை ஏறவில்லை, உடம்பில் புரதம் போதவில்லை, இப்படியே போனால் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கும். லட்சுமியம்மாள் அதைக் கணவர் காதில் போட்டாள்.

"நம்ம ஊட்ல இன்னா, சோத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டு, குடும்ப கௌரவத்தை அந்த இடத்திலேயே காப்பாற்றினார் துளசிராமன்.

இத்தகைய மனிதருக்கு ஆலை 'சீரான வளர்ச்சி விருது' கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கும்? ராஜமாணிக்கம் கேடயத்தோடும் சந்தன மாலையோடும் வீடு தேடி வந்தார். கூடத்தில் இலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்பும் விரால் வறுவலும் பரிமாறப்பட்டன. (பிராய்லரை அந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை, அது 'தொழில்'.) ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அருணா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் பரிமாறினாள்.

"அது எப்பிடி நைனா, ஒண்ணு கூட சவலை இல்லாம அத்தினியும் ஒரே சைஸ்ல கீது?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"பலசாலி எப்பிடியும் சாப்ட்டுக்குவான் சார். கடைசில நிக்கிறதத்தான் நாம பாக்கணும். அது வவுறு நெறஞ்சா மொத்தக் கூட்டமும் தேறிடும்."

இதைக் கேட்டு வரிசையே தலையாட்டியது. அந்த நேரம் பார்த்து நர்மதா வந்து சேர்ந்தாள். இரண்டு முறை ஆள் அனுப்பியும் அருணா வராததால், எடை மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அருணாவைக் கூடத்து ஓரமாக அதன்மேல் ஏற்றிப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிட ஒரு கிலோ குறைந்திருப்பதாகச் சத்தமாகவே சொன்னாள்.

ராஜமாணிக்கம் வாயில் சோற்றோடு, தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டார்: "எடை எறங்குதுன்னா தீவனத்துல ஏதோ ஒண்ணு கொறையுதும்மா. இன்னா கொறையுதுன்னு பாத்தீங்களா?"

அருணா மெஷினிலிருந்து இறங்கினாள்.

"தீவனத்துல கொறை இல்ல சார். எல்லாம் நல்லாத்தான் வருது. நான் வர்றதுக்குள்ள தட்டு காலியாயிடுது" என்றாள் அருணா. பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, ஷெட்ல எழுதி வெச்ச தகரத்தக் கொண்டாந்து இங்க மாட்டலாமா?"

துளசிராமன் நிதானம் இழக்கவில்லை. "அது கோழிக்கு எழுதனதும்மா. ஊட்டுக்குன்னு ஒரு மொறை கீது" என்றார்.

ராஜமாணிக்கம் தம் இலையில் இருந்த கடைசி விரால் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் சாப்பிட்டார்.

போட்டோ எடுத்தார்கள். கேடயம் கூடத்துச் சுவரில் ஏறியது. சாயங்காலம் துளசிராமன் ஷெட்டுக்குப் போனபோது, புதிதாக இறக்கிய குஞ்சுகளில் மெலிந்தது ஒன்று கூட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றது. அவர் மனம் பொறுக்கவில்லை. அதை உள்ளங்கையில் ஏந்திப் போய்த் தட்டருகே விட்டு, அதன் இரைப்பை நிறையும்வரை கழியோடு காவல் இருந்தார். அதே நேரத்தில் அடுப்படியில் அருணா குழம்புச் சட்டியைச் சோறு போட்டு வழித்துக்கொண்டிருந்தாள்.

அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தப்பெல்லாம் அருணாவுடையது. குஞ்சுப் பெட்டியில் வந்து ஷெட்டில் இறங்கியிருக்க வேண்டியவள், மாலையும் கழுத்துமாக வந்து வீட்டு வாசலில் இறங்கிவிட்டாள்.